புள்ளி விழுந்த வாழ்த்து

பொங்கல் வாழ்த்து அட்டைகளை நம் கையாலேயே செய்துவிடலாம் என்று நான் சொன்னபோது நம் மன்றத்துச் செயலாளர் சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. "அறுபது வேண்டும்" என்றார். அந்த இரண்டு சொற்களால் 2024-ஆம் ஆண்டின் கார்த்திகையும் மார்கழியும் எனக்குக் காகிதத்தோடு கழிந்தன.

அறுபது என்ற கணக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், விடுதிச் சமையற்கூடத்தில் உழைப்போர், படிப்பு முடித்து வெளியூர் சென்ற பழைய உறுப்பினர்கள் ஆகிய எல்லோர்க்கும் 2025 பொங்கலுக்கு மன்றத்தின் பெயரால் ஒரு வாழ்த்து அஞ்சலில் போக வேண்டும் என்பது கூட்டத்தின் முடிவு. கைப்பேசியில் படம் அனுப்பினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். "நீர் சென்ற ஆண்டு அனுப்பிய படம் யாரிடம் இருக்கிறது?" என்று செயலாளர் திருப்பிக் கேட்டார். அவரிடமே இல்லை.

நான் அவ்வளவு துணிந்து பேசியதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது சிவகாசியில். வாழ்த்து அட்டை எனக்குப் புதிய பொருளன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் தை மாதம் முழுவதும் ஒரு நூல் குறுக்கே கட்டியிருக்கும். அதில் வந்த அட்டைகளையெல்லாம் மடிப்பில் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கற் பானை, கரும்பு, காளை, நடிகர், தலைவர் என்று எல்லோரும் ஒரே நூலில் ஊசலாடுவர். அவற்றுட் பல எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அச்சாகித் தமிழ்நாடு முழுவதும் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவை.

வாழ்த்து அட்டை அச்சிடும் பழக்கம் நம்முடையதன்று. இலண்டனில் 1843-ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸ் காலத்தில் வந்து குவியும் கடிதங்களுக்கு விடை எழுதி மாளாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்தார். ஆயிரம் படிகள் அச்சாயின. வண்ணத்தைக் கையால் தீட்டினர். விலை ஒரு ஷில்லிங். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ஒரு பென்னி அஞ்சல் வந்திருந்தது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ஆகவே அட்டையின் விலை அதை அனுப்பும் செலவைப் போல் பன்னிரண்டு மடங்கு! ஏழைகள் வாங்கியிருக்கமாட்டார்கள். அதை ஏழைகளும் வாங்கும் பொருளாக்கியதில் எங்கள் ஊருக்குப் பங்கு உண்டு. மழை குறைந்த வறண்ட ஊர் அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்குமா? நாட்காட்டி வந்தது, நாட்குறிப்பு வந்தது, வாழ்த்து அட்டையும் வந்தது. மருந்துக்கும் காகிதத்துக்கும் ஈரம் ஆகாது. எங்கள் ஊரின் வறட்சியே எங்களுக்கு வாய்த்த முதல்.

இனி நம் கதைக்கு வருவோம்.

என் அறை நண்பரின் தமக்கை அமெரிக்காவிலிருந்து வரும்போது காகிதம் வெட்டும் கருவி ஒன்றைக் கொணர்ந்து, பிள்ளை பிறந்தபின் அதைத் தொடவும் நேரமின்றித் தம்பியிடம் தந்துவிட்டார். பார்வைக்கு ஓர் ஆர்மோனியப் பெட்டி போல் இருக்கும். உள்ளே பென்சில் முனையளவு சிறு கத்தி. பன்னிரண்டு அங்குலச் சதுரமான பசைப் பாய் ஒன்றில் காகிதத்தை ஒட்டி உள்ளே விட்டால், உருளைகள் பாயை முன்னும் பின்னும் இழுக்கும். கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டு ஓட்டமும் கலக்கும்போது எந்த வளைவும் பிறக்கும். எதை வெட்டவேண்டும் என்பதைக் கணிப்பொறியிலுள்ள மென்பொருள் சொல்லும்.

கருவி நம்முடையதாயினும் மென்பொருள் நம்முடையதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இத்தகைய கருவிகளுள் பெயர்பெற்றது கிரிகட். 2021 மார்ச்சில் அந்நிறுவனத்தார், கட்டணம் செலுத்தாதவர் திங்களுக்கு இருபது படங்களுக்குமேல் ஏற்ற இயலாது என்று அறிவித்தனர். முன்பே பணம் கொடுத்துக் கருவி வாங்கியவர்கள் உலகெங்கும் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களில் அறிவிப்பைக் கைவிட்டனர். என் நண்பருடைய கருவி வேறு ஒருவர் செய்தது. அதன் பெயர் வேண்டா. ஏனெனில் அடுத்து நான் சொல்லப்போவது குறை.

அதன் மென்பொருளில் 'பொங்கல் வாழ்த்துகள்' என்று தட்டினேன். முதல் எழுத்திலேயே வந்தது வினை. கொம்பு ஒருபுறம், பகரம் ஒருபுறம், கால் ஒருபுறம் என்று மூன்றும் பங்காளிச் சண்டை போட்டுப் பிரிந்தவை போல் நின்றன. இடையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நடுவர் போல் உட்கார்ந்திருந்தது. தமிழ் எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியாத மென்பொருளிடம் கோபித்துப் பயனில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் எழுதினேன். அங்கே எழுத்து எழுத்தாகவே வந்தது. பிறகு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி இரண்டு கோட்டையும் வெட்டி எழுத்தின் இடுப்பை ஒடித்துவிடும். இதெல்லாம் இரண்டு இரவில் கற்றேன்.

மூன்றாம் இரவு வெட்டினேன். வெட்டிய எழுத்துகளை ஊசியால் தூக்கி அட்டையில் ஒட்டவேண்டும். எழுத்துகள் வந்தன. புள்ளிகள் வரவில்லை.

எழுதும்போது புள்ளியை நாம் பொருட்படுத்துவதே இல்லை. கை தானாக வைத்துவிடும். கத்திக்கோ அது தனி உருவம். கடுகளவு வட்டம். 'பொங்கல் வாழ்த்துகள்' என்பதில் புள்ளி ஐந்து: ங், ல், ழ், த், ள். அறுபது அட்டைக்கு முந்நூறு! 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று நம் மன்றத்தில் ஆண்டுதோறும் நடக்கும் போரை எல்லோரும் அறிவீர்கள். நான் இதுவரை எப்பக்கமும் சேராதவன். அன்றிரவு ஒரு பக்கம் சேர்ந்தேன். 'க்' ஒன்று கூடினால் இன்னும் அறுபது புள்ளி ஒட்டவேண்டும். இலக்கணம் எப்படியாயினும் ஆகுக. என் ஆதரவு 'வாழ்த்துகளுக்கே'.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்க அஞ்சினர். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் விட்டுவிட்டனர். அவர்களை நான் அன்றுதான் உள்ளபடி புரிந்துகொண்டேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்ட, ஒரு புள்ளியை ஊசிமுனையில் எடுத்தேன். நண்பர் கதவைத் திறந்தார். புள்ளி போயிற்று.

அதோடு ஐப்பசியில் தொடங்கிய மழையும் விட்டபாடில்லை. கொச்சிக் காற்றில் காகிதம் அப்பளம் நமுப்பதுபோல் நமுத்துப்போகும். கத்தி வெட்டுவதற்குப் பதில் இழுத்துக் கிழித்தது. பன்னிரண்டு அட்டைகள் பாழாயின. ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "வைப்பின்ல உங்க பெரியப்பா இருக்காருல்ல. அவர்கிட்டக் காட்டேன்" என்றார். அடுத்து, "அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

பெரியப்பா வைப்பினில் இருப்பது எனக்குத் தெரியும். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் நான் அங்கே போனதில்லை. ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். பெரியப்பா டை பஞ்சிங் இயந்திரத்தில், அப்பா மேற்பார்வையில். 2009-இல் ஒரு நாள் இயந்திரம் மூடும்போது பெரியப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வேலை விரைவாக நடக்கவேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் காப்புத் தட்டியை முன்பே கழற்றி வைத்திருந்தார்கள். கழற்றச் சொன்னது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இழப்பீடு பற்றிப் பேச்சு வந்தபோது, பெரியப்பாவே கழற்றினார் என்று ஒரு தாள் எழுதப்பட்டது. அந்தத் தாளில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் என் அப்பா. எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த ஆண்டுதான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டேன். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு 2023 ஏப்ரல் முதல் நீர் மெட்ரோ ஓடுகிறது; குளிரூட்டிய படகு. முன்பெல்லாம் நகருக்குப் போகச் சாதாரணப் படகையே பெரிதும் நம்பியிருந்த தீவு அது. 2004-இல்தான் கோஸ்ரீ பாலங்கள் வந்து நகரோடு இணைந்தது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் மண் ஒதுங்கி உருவான தீவு என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் காயல். சிவகாசிக்காரர் ஒருவர் காகிதத்தை மறக்கவேண்டுமானால் இதைவிட ஈரமான ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அக்கா வீடு காளமுக்குக்கு அருகில். அத்தான் அங்கே ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். அக்கா என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். பெரியப்பா அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "வளந்துட்டியேப்பா" என்றார். பிறகு, "அப்பன் அனுப்புனானா?" என்றார். "இல்லை பெரியப்பா, நானேதான் வந்தேன்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் அன்று அப்பாவைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வலக்கை உள்ளங்கையில் வைத்து இடக்கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தையோ படத்தையோ அவர் பார்க்கவில்லை. மடிப்பைத்தான் பார்த்தார். மென்பொருள், மடிக்கவேண்டிய இடத்தில் விட்டுவிட்டுச் சிறு சிறு வெட்டாகப் போட்டுத் தரும், அதுதான் மடிப்புக்கோடு.

"இதென்னப்பா, தையல் பிரிஞ்ச சட்டையாட்டம்?" என்றார்.

நான் விளக்கினேன்.

"வெட்டி மடிக்கிறது மடிப்பு இல்ல. அதோட, நீ குறுக்கால மடிச்சிருக்க. பாரு, வெடிச்சு நிக்குது."

அப்போதுதான் காகிதத்துக்கு ஓட்டம் உண்டு என்பதைக் கற்றேன். ஆலையில் கூழ் ஒரே திசையில் ஓடுவதால் நார்கள் பெரும்பாலும் அத்திசையிலேயே படுத்துவிடுகின்றன. அவற்றின் வழியே மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக வரும்; குறுக்கே மடித்தால் நார் ஒடிந்து வெண்மையாகத் தெறிக்கும். ஓட்டத்தை அறியப் பெரியப்பா சொன்ன வழி எளிது. ஒரு சிறு துண்டைக் கிழித்து ஒருபக்கம் மட்டும் நீரில் நனைத்துத் தரையில் வைத்தார். துண்டு குழல்போல் சுருண்டது. "கொழல் எந்தப் பக்கமா நீண்டு கெடக்கோ, அதான் ஓட்டம்" என்றார். நார் ஈரம் பட்டால் நீள்வதைவிடப் பருப்பதே மிகுதி. அதனால் தாள் நாருக்குக் குறுக்கே விரிந்து, நாரின் வழியே சுருள்கிறது. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மடிப்புக்கு அவர் சொன்ன முறை இது. மை தீர்ந்த பால்பாயிண்டு பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து, அட்டையின் வெளிப்புறத்தில் ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுக்கவேண்டும். முன்பக்கம் பள்ளமும் பின்பக்கம் மேடும் விழும். நம்மில் பலர் பள்ளத்துக்குள் மடிப்போம், அது பிழை. மேடு உள்ளே போகும்படி மடிக்கவேண்டும். "பள்ளம் வெளிய, மேடு உள்ள. மேடுதான் கீல்" என்றார்.

அதன்பின் அவர் வாய் திறந்துகொண்டது. டை எப்படிச் செய்வார்கள் என்று சொன்னார். பலகையில் கோடு கோடாக அறுத்து, எஃகுத் தகட்டை அக்கோட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்து அடித்து இறக்குவார்கள்; அதற்கு ரூல் என்று பெயர். வெட்டும் ரூலின் உயரம் 23.8 மில்லிமீட்டர், மடிப்பு ரூல் அதைவிடச் சற்றுக் குட்டை, முனை மழுங்கியது. வெட்டிய காகிதத்தை வெளியே தள்ள இருபுறமும் ரப்பர்த் துண்டுகள். வெட்டும் ரூலில் ஆங்காங்கே அரத்தால் ஒரு கீறல் போடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் காகிதம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் துண்டுகள் உதிராமல் தாள் முழுசாக வெளியே வரும். அதற்கு நிக்கு போடுதல் என்று பெயர். "மணிக்கு ஆயிரம் தாள் போடுவேன். ஒரு கை வைக்கும், ஒரு கை எடுக்கும்" என்று சொல்லி இரண்டு கைகளையும் நீட்டி ஆட்டிக் காட்டினார். காட்டிக்கொண்டே வந்தவர், வலக்கையைக் கண்டதும் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் புள்ளிக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் சிரிப்பது அந்த வீட்டில் அடிக்கடி நடப்பதன்று போலும்.

"எழுத்த வெட்டி எதுக்கு ஒட்டுற? எழுத்த வெட்டிக் கீழ போடு. ஓட்டையே எழுத்து. பின்னால பூப்போட்ட தாள ஒட்டு. புள்ளி விழுந்தா விழட்டும், அது விழத்தான் வேணும்."

எனக்கு இது தோன்றவே இல்லை! எழுத்தைச் சாளரமாக வெட்டிவிட்டால் முந்நூறு புள்ளிகளும் தாமாக விழுந்து, முந்நூறு சிறு துளைகளாக நின்று, பின்னாலுள்ள வண்ணத்தைக் காட்டும். ஓலைக்காரர் அஞ்சிய துளையையே நாம் வேண்டிப் பெறுகிறோம். ஆனால் இம்முறையில் வேறொரு தொல்லை உண்டு. ககரத்தின் வயிறு, வகரத்தின் சுழி, தகரத்தின் சுழி, ஒற்றைக்கொம்பின் சுழி ஆகியவை நாற்புறமும் வெட்டுப்பட்டு அவையும் விழுந்துவிடும். அவற்றை நிறுத்த ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விடவேண்டும். துளையச்சுத் தொழிலில் உலகெங்கும் அந்த நடுத்துண்டைத் தீவு என்றும், விட்டுவைக்கும் பட்டையைப் பாலம் என்றும் சொல்கிறார்கள். வைப்பின் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "நாங்க நிக்குன்னுதான் சொல்வோம்" என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் பூத்தாள் வாங்க மட்டாஞ்சேரிக்குப் போனோம். பெரியப்பாவும் வந்தார். வைப்பினிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு, வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் ரோ-ரோ கலம் 2018 முதல் ஓடுகிறது. ஏறி நின்று சீனவலைகளைப் பார்த்து முடிப்பதற்குள் கரை வந்துவிடும். கோட்டைக் கொச்சியில் வேலி என்ற இடத்தில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. டச்சுக்காரர் தம் படைவீரர் உடைகளை வெளுக்கக் கொணர்ந்த குடிகளின் வழிவந்தவர்கள் என்பர். இப்போதுள்ள தோபிகானா 1976-இல் கட்டப்பட்டது. தமிழ் பேசவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பெரியப்பா கலம் ஏறி அங்கே வந்து ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

நாங்கள் சென்றது சனிக்கிழமை. பரதேசி யூதப் பள்ளி மூடியிருந்தது. சனி அவர்களுக்கு ஓய்வுநாள் என்பது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அதனால் மறுநாளும் போனோம். 1568-இல் கட்டிய கோவில் அது. 1968-இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். நான் பார்க்க விரும்பியது தரையை. 1762-இல் சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் அங்கே பதித்திருக்கிறார்கள். எல்லாம் கையால் வரைந்தவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் மேலே தொங்கிய விளக்குகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து குனிந்து ஓடுகளைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். ஒரே மரம்தான், ஆனால் இந்த ஓட்டில் கிளை சாய்ந்திருக்கிறது, அந்த ஓட்டில் நிமிர்ந்திருக்கிறது.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையேப்பா" என்றார். சற்றுக் கழித்து, "எங்க மொதலாளி பாத்தா அத்தனையும் சேதாரம்னு ஒதுக்கிருப்பாரு" என்றார்.

யூதத்தெருக் கடை ஒன்றில் அச்சுக்கட்டையால் பூ ஒற்றிய சாங்கனேரிக் கைத்தாள் கிடைத்தது. பருத்திக் கந்தலைக் கூழாக்கிச் செய்யும் தாள். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா வழக்கம்போல் ஒரு துண்டு கிழித்து நனைத்தார். அது எப்பக்கமும் சுருளாமல் சோம்பிக் கிடந்தது. இன்னொரு துண்டு நனைத்தார்; அதுவும் அப்படியே. "இதுக்கு ஓட்டமே இல்லையே!" என்றார். கைத்தாளைச் சட்டத்தில் அள்ளி நாற்புறமும் குலுக்கி எடுப்பதால் நார்கள் ஒரே திசையில் படுப்பதில்லை. முப்பதாண்டுகள் காகிதத்தோடு வாழ்ந்தவர் ஓட்டமில்லாத காகிதத்தை அன்றுதான் பார்த்தார். அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

பிறகு நடந்ததை விரிக்க வேண்டா. விடுதியில் கருவி சாளர எழுத்துகளை வெட்டியது. வெட்டுவதற்கு முன் அட்டைகளை மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஈரம் போக்கவேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை; அது பலித்தது. ஏ5 அளவு அட்டை, மடித்தால் ஏ6. கைத்தாளும் உறையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தோம்; அஞ்சலின் முதற்படியான 20 கிராமுக்குள் அடங்கிவிட்டது. மடிப்பு மட்டும் என் கைக்கு வரவில்லை. ஆகவே வெட்டிய அட்டைகளைப் பிஸ்கட் தகரத்தில் அடைத்து வைப்பினுக்கே எடுத்துச் சென்றேன்.

"எத்தனை?" என்றார்.

"அறுபது."

"சேதாரத்துக்கு?"

அச்சகத்தில் எப்போதும் கேட்ட எண்ணிக்கைக்குமேல் சில தாள் ஓட்டுவார்கள். நான் ஐந்து கூடுதலாக வெட்டியிருந்தேன். திண்ணையில் பலகையைப் போட்டு, அளவுகோலை வலக்கையின் அடிப்பகுதியால் அழுத்திக்கொண்டு, இடக்கையால் பேனாவை இழுத்தார். முதல் இரண்டு கோடு சற்றே கோணின. மூன்றாவது முதல் நேராக வந்தன. நான் மடித்துக் கரண்டிக் காம்பால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா தேநீர் வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிவிட்டது. அறுபத்தைந்தும் முடிந்தபின் நான் வாய்வரை வந்ததைக் கேட்கத் தயங்கினேன். அவரே ஓர் அட்டையை எடுத்து என்பக்கம் தள்ளினார்.

"சேதாரத்துல ஒண்ண ஊருக்கு அனுப்புறதானா அனுப்பு. அனுப்புறவன் பேரு உம்பேரு போடு."

என் பெயரைத்தான் போட்டேன்.

மன்றத்து வாழ்த்துகள் போய்ச் சேர்ந்தன. சமையற்கூடத்து அண்ணன் ஒருவர் அதை மாவுப் பானை மேலே சாத்தி வைத்திருக்கிறார். செயலாளர் பொங்கல் விழாவில் எனக்குத் துண்டு போர்த்தினார். வைப்பினுக்கு ஒரு துண்டு அனுப்பவேண்டும் என்று நான் சொன்னதன்பேரில் இன்னொன்றும் வாங்கினார்.

மாட்டுப் பொங்கலன்று அப்பா பேசினார். நலம் கேட்டார், தேர்வு கேட்டார். பிறகு, "அட்டை வந்துச்சு" என்றார். நான் காத்திருந்தேன்.

"மடிப்பு யார் போட்டது?"

சொன்னேன்.

எதிர்முனையில் மாட்டின் மணி ஓசை கேட்டது. யாரோ தெருவில் ஓட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும்.

"எந்தக் கையால?" என்றார் அப்பா.

"இடது கையால."

"சரி" என்று வைத்துவிட்டார்.

இக்கட்டுரையை மலருக்குக் கொடுக்கலாமா என்று அவரையே கேட்டேன். "நடந்ததுதானே, எழுது" என்றார். பங்குனியில் ஒருநாள் அம்மா பேசும்போது வைப்பின் வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு கேட்டுக் குறித்துக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சேதாரத்தில் மிஞ்சிய நான்கு அட்டைகள் மன்றத்து அலமாரியில் இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றில் தகரத்தின் சுழி விழுந்துவிட்டது. பாலத்தை மெல்லியதாக வைத்தது என் பிழை.